'கெயின்' என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது?

கடலோரத்தாய் · உப்புவெளி

எல்லாருக்கும் வணக்கம். மகள் தரம் 10 படிக்கிறாள். ஆங்கிலக் கட்டுரையில் "மை சிஸ்டர் கெயின்ட் எ ஜொப் இன் த ஹாபர்" என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் 'கெயின்ட்' என்பதை வெட்டிவிட்டு 'கொட்' என்று எழுதியிருக்கிறார். அதற்கு அடுத்த வரி "ஷீ கெயின்ட் எக்ஸ்பீரியன்ஸ்". அதற்குச் சரி போட்டிருக்கிறார். "வேலையும் கிடைத்தது, அனுபவமும் கிடைத்தது. ஒன்று ஏன் பிழை, மற்றது ஏன் சரி?" என்று பிள்ளை கேட்கிறாள். அகராதியை எடுத்துப் பார்த்தால் பெறு, அடை, ஈட்டு, ஆதாயம், அதிகரிப்பு என்று வரிசையாகக் கிடக்கிறது. அதை வைத்து அவளுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. இங்கே பல தொழில் செய்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் உங்கள் வேலையில் இந்தச் சொல் எப்படி வருகிறது என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

வகுப்பறை · திருமலை நகர்

அக்கா, பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. வகுப்பில் இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. காரணம் நம்முடைய 'பெறு' என்ற சொல்தான். தமிழில் 'பெறு' எதற்கும் வளைந்து கொடுக்கும். பட்டம் பெற்றாள், பரிசு பெற்றாள், சம்பளம் பெறுகிறாள், கடன் பெற்றாள், கடிதம் பெற்றாள், பிள்ளை பெற்றாள். ஆறுக்கும் தமிழில் ஒரே வினை. ஆங்கிலத்தில் இந்த ஆறில் பெரும்பாலானவற்றுக்கு 'கெயின்' வராது. பரிசுக்கு 'வின்'. சம்பளத்துக்கு 'ஏர்ன்', ஏனென்றால் உழைத்துப் பெறுவது. கடிதத்துக்கு 'ரிசீவ்'. கடனுக்கு 'டேக்' அல்லது 'கெட்'. பட்டத்துக்கு 'கெட்' போதும், சற்று மரியாதையாக எழுத வேண்டுமென்றால் 'ஒப்டெயின்'. பிள்ளைப் பேற்றுக்குத் தனி வழக்கே உண்டு.

அப்படியானால் 'கெயின்' எங்கே? ஏற்கெனவே உங்களிடம் ஓரளவு இருக்கிறது, அதன்மேல் இன்னும் சேருகிறது. அந்த இடத்தில் போடுங்கள். அனுபவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். நிறை சேரும். தன்னம்பிக்கை சேரும். வேகம் சேரும். மக்கள் ஆதரவு சேரும். இவற்றில் எல்லாம் 'கூடியது' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், பொருந்தும். "அக்காவுக்கு வேலை கூடியது" என்றால் சுமை ஏறியது என்ற வேறு அர்த்தம் வந்துவிடும். வேலை கிடைப்பது ஒரு நாளில் நடக்கிற காரியம். நேற்று இல்லை, இன்று இருக்கிறது. அதற்கு 'கெட்' தான்.

மகளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுங்கள். 'கெயின்' எழுதப் போகும்போது, "இதற்கு முன்பு எவ்வளவு இருந்தது?" என்று அந்த வசனத்தையே கேட்கட்டும். பதில் வந்தால் எழுதலாம்.

சென்னைவாசி

சார், உங்கள் விதி அழகாக இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு நெருடல். "கெயின் என்ட்ரி", "கெயின் ஆக்சஸ்" என்று தினமும் படிக்கிறோம். கூரையைப் பிரித்துத் திருடன் உள்ளே நுழைந்தான் என்ற செய்தியில் 'கெயின்ட் என்ட்ரி' என்றுதான் போடுவார்கள். திருடனிடம் அதற்கு முன்பு எவ்வளவு நுழைவு இருந்தது? அதேபோல, 1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்தது என்பதற்கும் 'கெயின்ட் இன்டிபென்டன்ஸ்' சரியான ஆங்கிலம்தான். அங்கே கொஞ்சம் இருந்து அதன்மேல் சேர்ந்ததாகச் சொல்ல முடியுமா? இப்படி ஒரே விதியில் அடக்குவதைவிட, எந்தச் சொல்லோடு எது சேர்ந்து வருகிறது என்று ஜோடி ஜோடியாகப் படிப்பதே பிள்ளைகளுக்கு நல்லது என்பது என் கருத்து.

ஒஸ்டன்பேர்க் · திருகோணமலை

சென்னைத் தம்பி கேட்ட இடத்திலேயே இந்தச் சொல்லின் இன்னொரு பழைய முகம் இருக்கிறது. 'கெயின்' என்பதற்குப் 'போய்ச் சேர்' என்றும் ஒரு பொருள் உண்டு. பழைய கடற்பயண எழுத்துகளில் 'கெயின் த ஷோர்', 'கெயின் த ஹாபர்' என்று வரும். காற்றோடும் அலையோடும் மல்லுக்கட்டிக் கரையை எட்டினார்கள் என்று அர்த்தம். சும்மா போய் இறங்கினால் அதற்கு 'அரைவ்' போதும்.

நம்முடைய ஊரை வைத்தே சொல்கிறேன். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென் அதைப் பறித்துக்கொண்டார். ஆங்கிலத் தளபதி ஹியூஸ் கப்பல்களோடு வந்து சேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி. செப்டெம்பர் 3ஆம் திகதி வெளிக் கடலில் பெரிய சண்டை நடந்தது. துறைமுகம் பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது. இதை ஆங்கிலத்தில் எழுதினால், சுஃப்ரென் 'கெயின்ட் த ஹாபர்', ஹியூஸ் வெறுமனே 'அரைவ்ட்', அதுவும் பிந்தி. வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் இந்தக் கரையில் பாய்க்கப்பல்களுக்கு அடைக்கலம் தரக்கூடிய துறைமுகம் இதுதான். அதற்காகத்தான் அவ்வளவு போட்டி. அந்தக் காலத்து மாலுமிக்கு இங்கே வந்து நங்கூரம் போடுவது உண்மையிலேயே ஒரு 'கெயின்'.

ஆகவே திருடன் உள்ளே நுழைந்ததும் இதே வகை. நடுவில் ஒரு தடை இருந்தது, அதைத் தாண்டி எட்டினான். சுதந்திரமும் அப்படித்தான்.

வகுப்பறை · திருமலை நகர்

ஒஸ்டன்பேர்க் ஐயாவுக்கு நன்றி. நான் மேலே சொன்ன விதியோடு இதையும் சேர்த்துக்கொள்கிறேன். சேர்ந்து கூடுவது ஒன்று. தடையைத் தாண்டி எட்டுவது மற்றொன்று. சென்னைத் தம்பி, ஜோடி ஜோடியாகப் படிப்பதில் தவறில்லை, பரீட்சைக்கு அது உதவும். ஆனால் ஏன் அப்படிச் சேர்கிறது என்று தெரிந்த பிள்ளை, தான் இதுவரை படிக்காத ஜோடியையும் துணிந்து எழுதும். மற்றப் பிள்ளை பட்டியலுக்கு வெளியே காலே வைக்காது. நான் இதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

சொல்லின் பிறப்பும் இதற்குத் துணை நிற்கிறது. ஆங்கிலம் இதைப் பிரெஞ்சிலிருந்து எடுத்தது. பழைய பிரெஞ்சுக்கு அது ஜெர்மானிய மொழி ஒன்றிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் மேய்ச்சல், இரை தேடி அலைதல், வேட்டை. வேட்டைக்குப் போனவன் எதையாவது கொண்டுவந்தால் அதுதான் கெயின். இன்றைய பிரெஞ்சில் அதே வேரில் பிறந்த வினைக்கு வெல்லுதல், உழைத்துச் சம்பாதித்தல், ஓர் இடத்தைப் போய் எட்டுதல் ஆகிய எல்லா அர்த்தமும் உண்டு. ஆங்கிலத்தில் வெற்றிக்கு 'வின்', உழைப்புக்கு 'ஏர்ன்' என்று சொந்தச் சொற்கள் முன்பே இருந்தபடியால், வந்த சொல்லுக்கு மிஞ்சிய இடம்தான் கிடைத்தது.

நிறைத்தராசு · மூதூர்

நான் குடும்பநலப் பக்கம் வேலை செய்கிறவள். எங்களுக்கு இந்தச் சொல் இல்லாமல் ஒரு நாளும் போகாது. 'வெயிட் கெயின்' சரியாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

பிறந்த பிள்ளையின் நிறை முதல் சில நாட்களில் குறையும். பிறப்பு நிறையில் பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம். இதைப் பார்த்துப் பயந்துபோய்ப் புட்டிப்பாலுக்கு ஓடுகிற தாய்மாரைக் கண்டிருக்கிறேன், பயப்பட வேண்டாம். தாய்ப்பால் ஒழுங்காகக் குடிக்கிற பிள்ளை இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறைக்குத் திரும்பிவிடும். இதற்கு நாங்கள் 'ரிகெயின்' என்போம். இழந்ததைத் திரும்பப் பிடிப்பது. அதன் பிறகு வருவதுதான் கெயின். ஏறக்குறைய ஐந்தாம் மாதத்தில் பிறப்பு நிறையின் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு என்பது பொதுவான கணக்கு.

வளர்ச்சிப் பதிவேட்டில் நாங்கள் ஒரு புள்ளி வைப்போம். சென்ற மாதப் புள்ளியிலிருந்து இந்த மாதப் புள்ளிக்குக் கோடு இழுப்போம். பதிவேட்டில் அச்சடித்திருக்கிற வளைகோட்டோடு ஒட்டி அந்தக் கோடு மேலே போனால் மனதுக்கு நிம்மதி. கோடு மட்டமாகப் படுத்தால், பிள்ளை பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாலும் தாயை உட்கார வைத்துக் கதைப்போம். ஒரு மாதத்து நிறையை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு புள்ளி வேண்டும். 'முன்பு எவ்வளவு இருந்தது' என்று சேர் சொன்னது எங்கள் வேலையில் அப்படியே பொருந்துகிறது.

கர்ப்பிணித் தாய்மாருக்கும் இதே சொல்தான். கர்ப்பத்துக்கு முன் உயரத்துக்கேற்ற சரியான நிறை இருந்தவர் கர்ப்ப காலம் முழுதும் 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம் என்பது பரவலாகப் பின்பற்றுகிற அளவு. மெலிந்தவருக்கு இன்னும் கூட வேண்டும், பருத்தவருக்குக் குறைவு. "நான் நன்றாகத்தானே சாப்பிடுகிறேன்" என்று சொல்வார்கள். சாப்பாடு வேறு, கெயின் வேறு.

மிக்சர்காரன் · பாலையூற்று

எங்கள் தொழிலில் இது ஒரு குமிழின் பெயர். ஒலி மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் மேலே முதலாவதாக இருப்பது கெயின். கீழே வழுக்கி வழுக்கி ஏற்றி இறக்குவது ஃபேடர். புதிதாக வருகிற பொடியன்மார் இரண்டும் சத்தத்தைக் கூட்டுவதுதானே, எதைத் திருகினால் என்ன என்று நினைக்கிறார்கள். கோவில் திருவிழாக்களில் பாதிக் குழப்பம் இதால்தான்.

மைக்கிலிருந்து வருவது மிகச் சிறிய மின் சைகை. அதை மிக்சர் வேலை செய்யக்கூடிய அளவுக்கு உள்ளே வரும்போதே பெருக்குவது கெயின். அப்படிப் பெருகி வந்ததில் எவ்வளவை வெளியே விடுவது என்பது ஃபேடர். கெயினைக் கூட வைத்துவிட்டால் சைகையின் தலை வெட்டுப்பட்டுவிடும், சிவப்பு லைட் எரியும். தவில்காரர் ஓங்கி ஒரு அடி போட்டால் 'டப்' என்பது 'கர்' என்று கேட்கும். அப்போது ஃபேடரை இறக்கிப் பிரயோசனமில்லை. உள்ளே வரும்போதே கெட்டுப்போன சத்தம், மெதுவாகக் கேட்டாலும் கெட்டதுதான். கெயினைக் குறைவாக வைத்தாலும் கரைச்சல். பிறகு ஃபேடரால் இழுத்து ஏற்றும்போது 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

நான் செய்கிற முறை: ஃபேடரைச் சைபர் கோட்டில் வைப்பேன். தவில்காரரிடம், "அண்ணை, தேருக்கு அடிக்கிற மாதிரி அடியுங்கோ" என்பேன். மெதுவாகத் தட்டிக் காட்டினால் சரிவராது, கச்சேரியில் அவர் அப்படி அடிக்கப் போவதில்லை. அவர் உச்சமாக அடிக்கும்போது பச்சை தாண்டி மஞ்சள் தொடுகிற வரைக்கும் கெயினைத் திறப்பேன், சிவப்புக்கு விடமாட்டேன். அதன் பிறகு இரவு முழுக்க அந்தக் குமிழைத் தொடுவதில்லை. ஓதுவாருக்கும் அதேபோலத் தனியாகச் செய்ய வேண்டும். அவருடைய குரலுக்கு வைத்த அளவு தவிலுக்குச் சரிவராது.

உயர்தர_மாணவன்

பௌதிகவியலில் எங்களுக்கு இதை 'நயம்' என்று படிப்பிக்கிறார்கள். வோல்ற்றளவு நயம், ஓட்ட நயம் என்று வரும். வெளியே வருவதை உள்ளே போனதால் பிரித்தால் நயம். எனக்கு ஒரு சந்தேகம். செயற்பாட்டு விரியலாக்கி (மின் சைகையைப் பெருக்கும் 'ஒப்-ஆம்ப்') கணக்கில் நயம் 1 என்று வருகிற சுற்றும் உண்டு. 1 என்றால் போனதும் வந்ததும் ஒரே அளவு, ஒன்றும் கூடவில்லை. பிறகு ஏன் அதற்குக் கெயின் என்று பெயர்?

அலைவரிசை · நிலாவெளி

தம்பி, மின்னணுவியலில் கெயின் என்பது ஒரு விகிதத்தின் பெயர். 1ஐ விடக் கூடவும் வரும், குறையவும் வரும், நேர்மாற்றுகிற சுற்றில் சயக்குறியோடும் வரும். நயம் 1 உள்ள சுற்றில் வோல்ற்றளவு கூடாது, ஆனால் முன்னால் இருக்கிற பலவீனமான சுற்றைத் தொந்தரவு செய்யாமல் பின்னால் இருப்பதை ஓட்டும் பலம் கிடைக்கும். அதற்காகத்தான் அதைப் போடுகிறோம். மிக்சர்காரன் தம்பிக்குத் தெரிந்த ஊளைச் சத்தமும் இந்த 1இல்தான் இருக்கிறது. மைக்கிலிருந்து ஒலிபெருக்கிப் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து காற்று வழியாகத் திரும்ப மைக்குக்கு என்று ஒரு சுற்று உண்டு. அந்தச் சுற்று முழுவதுக்குமான கெயின் ஏதோ ஒரு சுருதியில் 1ஐத் தொட்டால், அந்தச் சுருதி தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு ஊளையிடத் தொடங்கும்.

விகிதத்தை நாங்கள் பெரும்பாலும் டெசிபெலில் சொல்வோம். வலு இரண்டு மடங்கானால் ஏறக்குறைய 3 டெசிபெல். பத்து மடங்கு என்றால் 10. நூறு மடங்கு என்றால் 20. பெருக்கல் எல்லாம் கூட்டலாக மாறிவிடுவதால் கணக்கு இலகு.

ஆனால் வகுப்பறைச் சேரிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்டெனாவின் கெயினில் மொத்தமாக எதுவும் சேர்வதில்லை. அன்டெனாவுக்கு மின்சாரம் கொடுத்துப் பெருக்குவதில்லை. எல்லாத் திசைக்கும் சிதறிப் போகிற வலுவை ஒரு திசைக்கு ஒதுக்குகிறோம், அவ்வளவுதான். டோர்ச் லைட்டில் பல்புக்குப் பின்னால் இருக்கிற கிண்ணம் செய்கிற வேலை. முன்னால் கிடைத்தது பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்தது. வைஃபை பெட்டி வாங்கும்போது "5 டிபிஐ அன்டெனா" என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இது கூடுதல் மின் வலு என்று நினைக்கிறார்கள். எல்லாத் திசைக்கும் சமமாக வீசுகிற கற்பனை அன்டெனாவோடு ஒப்பிட்டால் அது தன் நல்ல திசையில் 5 டெசிபெல் கூட என்பதே அதன் பொருள். கிடைமட்டமாக நல்லாகப் பாயும், மேல் மாடிக்குக் குறைவாகப் போகும்.

நமது மாவட்டத்தில் ஜெர்மனியின் டொய்ச்சே வெல்லே வானொலி 1984 முதல் மறு ஒலிபரப்பு நிலையம் ஒன்றை நடத்தியது, 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் வந்தது. சிற்றலை ஒலிபரப்பு என்றாலே இந்தக் கெயினின் விளையாட்டுத்தான். எந்த நாட்டுக்கு நிகழ்ச்சியோ அந்தப் பக்கத்துக்கு அலையை ஒடுக்கி வீசுவார்கள். தூரத்தில் இருப்பவனுக்குத் தெளிவாகக் கேட்கிற நிகழ்ச்சி பக்கத்து ஊரில் சிலவேளை இழுபறியாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வகுப்பறை · திருமலை நகர்

இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஐயா. அந்தத் திசையில் நிற்கிறவனுக்கு முன்பைவிடக் கூடுகிறது அல்லவா? யாருக்குக் கூடியது என்று சேர்த்துச் சொன்னால் சரியாகிவிடும். ஆங்கிலத்தில் "அட் த எக்ஸ்பென்ஸ் ஒஃப்" என்று பின்னால் போட்டு எழுதுகிற வழக்கு இதற்குத்தான். ஒரு கட்சிக்குக் கூடிய ஆசனங்கள் இன்னொரு கட்சியிடமிருந்து போனவை. அங்கேயும் 'கெயின்ட் சீட்ஸ்' தான்.

கிண்ணியா_நாநா

தம்பிமாரே, இந்த 'நயம்' என்ற சொல்லைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சந்தையில் எங்களுக்கு நயம் என்றால் மலிவு. "இண்டைக்குச் சூடை நயம்" என்றால் விலை குறைவாகக் கிடக்கிறது, சட்டென்று வாங்கு என்று அர்த்தம். பாடப் புத்தகத்தில் அதே நயம் கெயின் ஆகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் வாங்குகிறவன் பக்கத்திலிருந்து அது கெயின்தானே. ஆயிரம் ரூபாய்க்குப் போகிற மீன் எழுநூறுக்கு வந்தால் முந்நூறு மிச்சம். விற்கிற எனக்கு அது நட்டம். அலைவரிசைக் காக்கா அன்டெனாவில் சொன்னதும் இதுதான்.

என் கேள்வி வேறு. நாங்கள் வியாபாரத்தில் 'ப்ரொஃபிட்' என்கிறோம். கணக்காளர் தம்பி எழுதிக் கொடுக்கிற தாளில் ஓர் இடத்தில் ப்ரொஃபிட், இன்னோர் இடத்தில் கெயின் என்று இருக்கிறது. இரண்டும் லாபம்தானே?

பேரேடு · திருமலை நகர்

நாநா, இரண்டும் லாபம்தான், ஆனால் எங்கிருந்து வந்தது என்பதில் வித்தியாசம். நீங்கள் மீன் வாங்கி விற்பது உங்கள் தொழில். அதில் வருவது விற்பனை வருமானம், செலவு கழித்தால் ப்ரொஃபிட். இப்போது உங்களுடைய பழைய படகு எஞ்சினை விற்கிறீர்கள் என்று வையுங்கள். பெறுமானத்தேய்வு எல்லாம் கழித்துப் புத்தகத்தில் அதன் பெறுமதி 3,00,000 ரூபாய். விலை போனது 3,50,000. மிஞ்சிய 50,000தான் கெயின். 3,50,000ஐ விற்பனையில் சேர்த்து எழுதக்கூடாது. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16 இதைத் திட்டவட்டமாகவே சொல்கிறது: ஆதனம், பொறி, உபகரணம் விற்று வந்த நயத்தை வருமானமாக வகைப்படுத்தக் கூடாது. நீங்கள் எஞ்சின் வியாபாரி அல்லவே. அடுத்த வருடம் இன்னோர் எஞ்சின் விற்பீர்கள் என்று வங்கி நம்பிக் கடன் தந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இந்தப் பிரிப்பு.

காணி விற்கிறவர்களுக்கும் இந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டும். மூலதன ஆதாய வரி 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி 2018 ஏப்ரல் 1 முதல் திரும்ப நடைமுறைக்கு வந்தது. தனியாட்களுக்கு அப்போது 10 வீதம், 2025 ஏப்ரல் முதல் 15 வீதம். விற்ற விலை முழுவதுக்கும் வரி என்று பலர் தலையில் கைவைக்கிறார்கள். அப்படி இல்லை. கூடியதற்கு மட்டும்தான். நிலாவெளியில் தாத்தா காலத்தில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய காணிக்கு அந்த நூறிலிருந்து கணக்குப் பார்ப்பார்களா என்றும் கேட்கிறார்கள். 2017 செப்டெம்பர் 30இல் கையில் இருந்த சொத்துக்கு அன்றைய சந்தைப் பெறுமதியைத்தான் அடியாக எடுப்பார்கள். அதனால் அந்தத் திகதிக்கான மதிப்பீட்டு அறிக்கையைத் தகுதியான மதிப்பீட்டாளரிடம் எடுத்து வைப்பது புத்தி. தான் குடியிருந்த வீட்டை விற்றால் நிபந்தனைகளோடு விலக்கும் உண்டு. விற்க முதல் கணக்காளர் ஒருவரைக் கேளுங்கள், விற்ற பிறகு கேட்டால் பாதி வழி அடைபட்டுவிடும்.

இன்னொன்று. காணியின் விலை ஏறிக் கிடக்கிறது, இன்னும் விற்கவில்லை. அதையும் கெயின் என்பார்கள், ஆனால் 'அன்ரியலைஸ்ட்', கைக்கு வராதது. அதை நம்பிக் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்க வேண்டாம். கூடப் போகும் ஆக்கத்தை எண்ணி இருக்கிற முதலை இழக்கிற வேலையை அறிவுடையவர் தொடங்க மாட்டார் என்று திருக்குறள் 463இல் இருக்கிறது. அங்கே கெயினுக்குச் சொல் 'ஆக்கம்', மூலதனத்துக்கு 'முதல்'. எங்கள் பேரேட்டில் இன்றைக்கும் முதல் முதல்தான்.

பழங்கடிகாரம் · திருமலை நகர்

பெரியவர்கள் பெரிய விடயம் கதைக்கிறீர்கள். நான் மணிக்கூடு திருத்துகிறவன், என்னுடையது சின்ன விடயம். மணிக்கூடு ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் வேகமாக ஓடினால் ஆங்கிலத்தில் அது 'கெயின்ஸ் ஃபைவ் மினிட்ஸ் எ டே'. மெதுவாக ஓடினால் 'லூசஸ்'. நம்முடைய பேச்சில் முந்துது, பிந்துது. சுவிஸில் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற நல்ல இயந்திரக் கைக்கடிகாரம்கூட நாளொன்றுக்குச் சராசரியாக 4 செக்கன் பிந்தவும் 6 செக்கன் முந்தவும் அனுமதி உண்டு. பிந்துவதைவிட முந்துவதற்குக் கூட இடம் கொடுத்திருக்கிறார்கள்.

பழைய கடிகாரத்தின் பின் மூடியைத் திறந்தால், சமநிலைச் சக்கரத்துக்கு மேலே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் ஏ, மற்றப் பக்கத்தில் ஆர் என்ற எழுத்துப் பொறித்திருக்கும். பிரெஞ்சில் முந்து, பிந்து என்பதன் முதல் எழுத்துகள். முந்துகிறதென்றால் ஊசியை ஆர் பக்கம் மயிரிழை அளவுக்குத் தள்ளிவிட்டு ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு அதிகம் தள்ளினால் பிறகு இரண்டு பக்கமும் அலைய வேண்டியதுதான்.

கடலோரத்தாய் · உப்புவெளி

எல்லாருக்கும் மனம் நிறைந்த நன்றி. மகள் எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து வாசித்தாள். அவளாக எழுதிய வசனங்கள் இவை, சேர் பார்த்துச் சொல்லுங்கள்.

"த பேபி கெயின்ட் டூ ஹன்ட்ரட் க்ராம்ஸ்."
"ஐ கெயின்ட் எய்ட்டி மார்க்ஸ் ஃபோர் மேத்ஸ்."
"த ருப்பி கெயின்ட் அகென்ஸ்ட் த டொலர்."
"மை அங்கிள் கெயின்ட் எ விசா."
"த போட் பிஹைன்ட் வோஸ் கெயினிங் ஒன் அஸ்."

இன்னொன்றும் கேட்கிறாள். 'அகெயின்' என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவு உண்டா?

வகுப்பறை · திருமலை நகர்

முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது மிகச் சரி. மூன்றாவதைத் தமிழில் ரூபாவின் பெறுமதி உயர்ந்தது என்போம். ஐந்தாவதை எங்கிருந்து பிடித்தாள்? நல்ல வழக்கு அது. பின்னால் வருகிற படகு நம்மை நெருங்குகிறது, நடுவிலுள்ள தூரம் குறைகிறது. 'ஒன்' என்ற சொல்லை விட்டால் அர்த்தமே போய்விடும்.

இரண்டாவதை நம் நாட்டில் நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஆனால் புள்ளிக்கு 'கொட்' அல்லது 'ஸ்கோர்ட்' என்பதே இயல்பு. முதல் தவணையில் 60, இரண்டாம் தவணையில் 80 என்றால், கூடிய அந்த 20க்குக் 'கெயின்ட் ட்வென்ட்டி மார்க்ஸ்' என்று எழுதலாம். நாலாவதுக்குக் 'கொட்'. விண்ணப்பம் கொடுத்து எடுத்தது என்று காட்ட வேண்டுமானால் 'ஒப்டெயின்ட்'. மாமா விசாவோடு போய், குடிவரவில் கேள்வி கேட்டு மறித்து, பிறகு உள்ளே விட்டார்கள் என்றால் அப்போது 'ஹி கெயின்ட் என்ட்ரி' என்று எழுதட்டும்.

'அகெயின்' உறவில்லை. அது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், 'எதிராக, திரும்ப' என்ற பொருளில் வளர்ந்தது. 'கெயின்சே' என்றால் மறுத்துப் பேசுதல். அதில் முன்னால் நிற்கிற கெயினும் அந்த 'எதிர்' வழியில் வந்ததுதான், ஆதாயத்தோடு தொடர்பில்லை. மகளை அந்த நாலாவது வசனத்தை மட்டும் இரண்டு விதமாகவும் எழுதி இங்கே போடச் சொல்லுங்கள், பார்க்கிறேன்.